கேட்ட வாக்கும் கொடுத்த வாக்கும்

தமிழிலே "வாக்கு" என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தேர்தற் காலத்தில் பெட்டியில் இடுவதும் வாக்கு. ஒருவர் மற்றொருவர்க்கு வாயாற் கொடுப்பதும் வாக்கு. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. ஆங்கில வழியிற் படித்தவனாகிய நான் இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்றே நெடுங்காலம் எண்ணி வந்தேன். ஒன்றைக் கேட்கச் சென்ற இடத்தில் மற்றொன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பின்னரே, நம் முன்னோர் இரண்டிற்கும் ஒரே சொல்லை வைத்ததன் நயம் எனக்கு விளங்கிற்று. அந்தக் கதையை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று ஏழாண்டுகளாக நினைத்துக் கொண்டிருந்தேன். சொல்லுவதிற் பெருமை ஒன்றுமில்லை. ஆயினும் பொதுத் தொண்டிற்குப் புறப்படும் இளைஞர் எவர்க்கேனும் பயன்படக்கூடும்.

நான் கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில் கிராணி. என் தந்தையும் கிராணி, பாட்டனாரும் கிராணி. பாட்டனார் காலத்தில் பால்மரம், இப்பொழுது செம்பனை. என் பிள்ளை ஆங்கிலத்தில் வல்லவனாக வேண்டும் என்னும் ஆசையால், தந்தையார் தம் வருமானத்திற்கு மிஞ்சிய செலவு செய்து என்னைத் தனியார் பள்ளி ஒன்றிற் சேர்த்தார். தமிழை நான் வீட்டிலே தாயாரிடம் கற்றேன். ஆதலின் உலகச் செய்திகளை ஆங்கிலத்திலும் ஊர்ச் செய்திகளைத் தமிழிலும் அறிகின்ற வழக்கம் எனக்கு இளமையிலேயே ஏற்பட்டது.

2008ஆம் ஆண்டில் எனக்கு வயது பத்தொன்பது. அவ்வாண்டு சனவரி 3ஆம் நாள் அமெரிக்காவில் அயோவா என்னும் மாநிலத்திலே பராக் ஒபாமா முதல் வெற்றி பெற்றார். ஐந்து நாட் கழித்து நியூ ஹாம்ஷயரில் ஹிலாரி கிளின்டன் அவரை வென்றார். இது இரு கட்சிகளுக்கிடையே நடந்த போட்டியன்று. ஒரே கட்சிக்குள் யாரை அதிபர் வேட்பாளராக நிறுத்துவது என்பதற்கான போட்டி. அதை முடிவு செய்வோர் தலைவர்கள் அல்லர். மாநிலம் மாநிலமாகச் சாதாரண மக்களே வாக்களித்து முடிவு செய்கின்றனர். என் வயதுடைய மாணவர்கள் பனிக்காலத்தில் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டுகின்றார்கள் என்று படித்தபோது என் உள்ளம் பொங்கிற்று. நம் நாட்டிலோ வேட்பாளர் யார் என்பதை மேலிடம் அறிவிக்கும். தொண்டன் சுவரொட்டி ஒட்டுவான். அதுவே முறையாக இருந்தது.

அந்த ஆண்டே மார்ச்சு 8ஆம் நாள் இங்கே பொதுத் தேர்தல் வந்தது. அதற்கு முந்திய 2007 நவம்பர் 25ஆம் நாள் இண்ட்ராப் அழைப்பிற்கிணங்கிக் கோலாலம்பூர் வீதிகளில் நம் மக்கள் ஆயிரமாயிரமாய்த் திரண்டதையும், டிசம்பரில் அவ்வியக்கத் தலைவர் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறை வைக்கப்பட்டதையும் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். ஐவருள் ஒருவரான வழக்கறிஞர் மனோகரன், கமுண்டிங் தடுப்பு முகாமில் இருந்தபடியே கிள்ளானிலுள்ள கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் ஜனநாயகச் செயல் கட்சியின் சார்பில் நின்றார். வேட்பாளர் இல்லாமலே வாக்குக் கேட்ட தேர்தல் அது. நானும் என் நண்பன் ஒருவனும் ஒரே மோட்டார்ச் சைக்கிளில் ஏறித் துண்டு வெளியீடுகள் கொடுத்தோம். அவர் வென்றார். அன்றிரவு கிள்ளான் தெருக்களில் "மக்கள் சக்தி" என்ற முழக்கம் கேட்டது. மக்கள் ஒரு முறை தீர்மானித்துவிட்டால் நடவாதது ஒன்றுமில்லை என்று நாங்கள் இருவரும் அப்பொழுது உறுதியாக நம்பினோம்.

அதற்குப் பத்தாண்டு கழித்து, 2018 மே 9ஆம் நாள் நடுவண் அரசும் மாறிற்று. விடுதலை பெற்றது முதல் அறுபதாண்டுகளுக்கு மேல் ஆண்டு வந்த அணி முதன்முறையாக வீழ்ந்தது. அந்த மகிழ்ச்சி ஆறும் முன்னரே மக்கள் நீதிக் கட்சியாகிய கெஅடிலானில் உட்கட்சித் தேர்தல் வந்தது. இந்தக் கட்சியில் ஒரு புதுமை இருந்தது. 2010 முதல் அக்கட்சியின் உயர் பதவிகளுக்கு உறுப்பினர் ஒவ்வொருவரும் நேரே வாக்களிக்கும் முறை அப்பொழுது இருந்தது. நம்மவர்க்குப் பழக்கமான ம.இ.காவில் தேசியத் தலைவரைக் கிளைத் தலைவர்கள் தேர்ந்தெடுப்பர் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். 2018இல் அன்வார் இப்ராகிம் போட்டியின்றித் தலைவரானார். துணைத் தலைவர் பதவிக்கு அஸ்மின் அலியும் ரபிசி ரம்லியும் மோதினர். முன்னவர் சிலாங்கூர் மந்திரி புசாராயிருந்து பொருளாதார விவகார அமைச்சரானவர். பின்னவர் கணக்காயர் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்தவர். செப்டம்பர் இறுதியில் தொடங்கி, மாநிலம் மாநிலமாக, வார இறுதிகளில் வாக்குப் பதிவு நடந்தது. ஒவ்வொரு மாநிலத்தின் கணக்கும் வெளிவர வெளிவர ஏற்றமும் இறக்கமும் தெரிந்தன. நான் பத்தொன்பது வயதில் ஆங்கிலத் தாளிற் படித்து ஏங்கிய அயோவா, என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

இருவருள் நான் எவர் பக்கம் நின்றேன் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் வாசகரிற் பாதிப்பேர் இந்த வரியோடு தாளை மடித்து வைத்துவிடுவார்கள். எஞ்சிய பாதிப்பேர் வேறு காரணத்திற்காகப் படிப்பார்கள். நான் சொல்ல வந்த செய்திக்கு அது தேவையுமில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடியறையே எங்கள் கூடம். தோட்ட அலுவலகத்தில் மாலை வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிக் கிள்ளான் நிலையத்தில் கொம்யூட்டர் இரயில் ஏறுவேன். கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கித் துன் சம்பந்தன் சாலை வழியே நடப்பேன். பூமாலைக் கடைகளையும் பலகாரக் கடைகளையும் கடந்து அந்தக் குறுகிய படிக்கட்டில் ஏறும்போது, நாள் முழுதும் செம்பனைக் குலையின் எடையையும் லாரியின் எண்ணையும் எழுதிய களைப்பு எங்கோ போய்விடும். மேலே பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் இருப்பார்கள். வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சி பெறும் பெண் ஒருத்தி. தாதியர் பயிற்சி முடித்தவள் ஒருத்தி. வாடகை வண்டி ஓட்டுபவர் ஒருவர். எல்லாருக்கும் கீழ்க் கடையிலிருந்து தேநீர் வரும். சுவரிலே தொகுதிப் பெயர்கள்; மேசைமீது உறுப்பினர் பட்டியல்கள். எந்தச் சாதி, எந்த ஊர், எவர் மகன் என்று அங்கே எவரும் எவரையும் கேட்டதில்லை. அந்த ஒன்றிற்காகவே அந்த அறையை நான் இன்றும் அன்போடு நினைக்கின்றேன்.

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப்புறத் தமிழர் என் பொறுப்பில் விடப்பட்டனர். "நீங்கள் தோட்டத்துக்காரர்; உங்கள் சொல் அங்கே எடுபடும்" என்றனர் தோழர்கள். நானும் அப்படியே எண்ணிச் சென்றேன். அந்த எண்ணம் முதல் ஞாயிற்றுக்கிழமையே உடைந்தது.

இப்பொழுது லயங்களிலே தமிழர் குறைவு. வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியருமே காட்டு வேலையிற் பெரும்பாலோர். நம்மவரிற் பலர் மலிவு விலை மாடிக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டனர். எஞ்சியிருப்போர் போக இடமில்லாதவர்கள். அவர்களுட் பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற மண்டோர், திண்ணையில் அமர்ந்திருந்தார். நான் துண்டு வெளியீட்டை நீட்டினேன். அவர் அதை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"நீங்கள் பெரிய கிராணி ஐயாவின் பேரன் அல்லவா? என் அப்பா உங்கள் தாத்தாவைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்பார். அவர் வந்து எங்களிடம் எதையும் கேட்டதில்லை. நீங்கள் வந்து கேட்கிறீர்கள். என்ன கேட்கிறீர்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை."

அவர் குத்திக் காட்டவில்லை; நடந்ததைச் சொன்னார். ஆயினும் அந்தச் சொல் என்னைச் சுட்டது. 1941ஆம் ஆண்டு இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலை நிறுத்தத்தை வாசகர் அறிவர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதற்குத் தலைமை தாங்கினார். கூலி உயர்வும், பிள்ளைகளுக்குக் கல்வியும், கள்ளுக்கடை மூடுதலும் கேட்ட அத்தொழிலாளர், இன்னொன்றும் கேட்டனர்: துரைமார்க்கு எதிரிலும் தோட்ட அலுவலர்க்கு எதிரிலும் சைக்கிளை விட்டு இறங்காமற் செல்லும் உரிமை. நாதன் கைதானார், நாடு கடத்தப்பட்டார், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். அந்தக் கோரிக்கையிலே சொல்லப்பட்ட "தோட்ட அலுவலர்" என்பவருள் என் பாட்டனாரும் ஒருவர். நான் அந்த வரலாற்றை ஆங்கிலப் புத்தகத்திற் படித்துத் தொழிலாளர் பக்கம் நின்று வெகுண்டவன். ஆனால் அந்தச் சைக்கிள் யாருக்காக நின்றது என்று ஒருநாளும் வீட்டிலே கேட்டதில்லை.

இருந்தபோதிலும் நான் விடவில்லை. ஞாயிறுதோறும் சென்றேன். மக்கள் முகத்தைத் திருப்பிக் கொள்ளவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் விடை இல்லை. "மே மாதந்தானே ஓட்டுப் போட்டோம்? மறுபடியும் எதற்கு?" என்றார் ஒருவர். "இரண்டு பேரும் ஒரே கட்சி என்கிறீர்கள், பிறகு எதற்கு ஒருவரை ஒருவர் ஏசுகிறார்கள்?" என்றாள் ஒரு பெண். "வேலைக்குப் போகாமல் வந்தால் ஒருநாள் சம்பளம் யார் தருவது?" என்றான் ஓர் இளைஞன். உட்கட்சி மக்களாட்சியின் மேன்மையை நான் விரித்துரைத்தேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணீர் குடிக்கிறீர்களா ஐயா?" என்றார்கள்.

இப்படியிருக்கையில் லயத்தின் கடைசி வீட்டில் ஓர் அம்மையாரைக் கண்டேன். அவர் மகன் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவன், கட்சி உறுப்பினன். அவனைத் தேடியே நான் சென்றேன். அவன் உறங்கிக் கொண்டிருந்தான். அம்மையார் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டு வந்தார். அதிலே சிவப்பு அடையாள அட்டை ஒன்றும், பழைய கடிதங்கள் சிலவும், மாரியம்மன் படமொன்றும் இருந்தன. அவர் இதே தோட்டத்தில் பிறந்தவர். பதின்மூன்றாம் வயதிலிருந்து இதே தோட்டத்திற் பால் வெட்டியவர். பிறப்புச் சான்று இல்லை. ஆதலின் நீல அட்டை இல்லை, குடியுரிமை இல்லை, வாக்குமில்லை.

அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில் நம் மக்களின் குடியுரிமைச் சிக்கலை நூறு நாளில் தீர்ப்பதாக நம்பிக்கைக் கூட்டணி வாக்குறுதி தந்திருந்தது. ஜூலையில் அறுபது வயதைக் கடந்த 3,407 இந்தியர்க்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று பிரதமர் மகாதீர் அறிவித்தார். அம்மையார்க்கு அப்பொழுது வயது ஐம்பத்தேழு.

"மூன்று வருடம் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள், ஐயா. அதற்குள் வேறு அரசாங்கம் வந்து வேறு மாதிரி சொல்லிவிட்டால்?" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அவர் மகன் எழுந்து வந்து வாசற்படியில் நின்றான். பட்டியலில் அவன் பெயருக்கெதிரே நான் இன்னும் குறியிடவில்லை. "கவலைப்படாதீர்கள், அம்மா. எங்கள் தலைவர் வென்றதும் மூன்று மாதத்தில் உங்கள் கையில் நீல அட்டை இருக்கும். இது என் வாக்கு" என்றேன். அம்மையார் பையைத் தலையணை உறைக்குள் வைத்துக் கட்டி என் கையில் தந்தார். மகன், "அம்மாவுக்காக வருகிறேன், அண்ணே" என்றான். நான் அவன் பெயருக்கெதிரே குறியிட்டேன்.

இரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் சென்றபோது என் மனம் நிறைந்திருந்தது என்பதை மறைப்பதிற் பயனில்லை. ஒரு குடும்பத்திற்கு நன்மை செய்யப் போகிறேன் என்றே நம்பினேன். தாள்களுக்குப் படியெடுத்து வைத்துக்கொண்டு, மூலங்களை எங்கள் வட்டாரத்துச் சிறு தலைவர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். அவர், "நல்ல வேலை, தோழரே! இன்னும் இப்படிப் பத்துக் குடும்பம் பாருங்கள்" என்று என் தோளைத் தட்டினார். பத்துக் குடும்பம் என்ற சொல் அப்பொழுது எனக்கு உறுத்தவில்லை.

அக்டோபரில் ஊக்கம் குறையலாயிற்று. அம்மாதம் 13ஆம் நாள் போர்ட் டிக்சன் இடைத்தேர்தலில் அன்வார் நின்றார். எங்கள் கூடத்திற் பாதிப்பேர் அங்கே போய்விட்டனர். எஞ்சியவரிடையே பேச்சு மாறிற்று. முன்பு எவ்வளவு சம்பளம் உயர வேண்டும், எந்தப் பள்ளிக்கு நிலம் வேண்டும் என்று பேசினோம். பிறகு எதிரணியார் நேற்று என்ன சொன்னார், அதற்கு நாம் இன்று என்ன சொல்வது என்பதே பேச்சாயிற்று. மிகவும் வருத்தந் தந்தது மற்றொன்று. 2008இல் என்னோடு மோட்டார்ச் சைக்கிளில் வந்த நண்பன் எதிரணியில் இருந்தான். கிள்ளான் ஒட்டுக்கடையொன்றில் ஒருநாள் நேருக்கு நேர் சந்தித்தோம். அவன் என்னைப் பார்த்தான்; நான் கைப்பேசியைப் பார்த்தேன். பொதுத் தேர்தலில் எதிர்க்கட்சிக்காரரோடு கூட நான் அப்படி நடந்ததில்லை. கட்சிகளுக்கிடையேயான போட்டியில் கொள்கை வேறுபடும். ஒரே கட்சிக்குள் கொள்கை ஒன்றாயிருப்பதால் மனிதரையே வெறுக்க வேண்டியதாகின்றது போலும்.

எங்கள் தொகுதியின் வாக்குப் பதிவு நாளும் வந்தது. தாளும் பெட்டியும் இல்லை; கையடக்கக் கணினித் திரையைத் தொட்டு வாக்களிக்கும் முறை. காட்டு வேலையிற் காய்ப்பேறிய விரல்களுக்கு அந்தக் கண்ணாடி இலேசில் இணங்கவில்லை. முதியவர் ஒருவர் மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டு, "என் விரல் அதற்குத் தெரியவில்லை" என்று சிரித்தார். என் பட்டியலில் குறியிட்டவர்களிற் பாதிப்பேரும் வரவில்லை. அந்த அம்மையாரின் மகன் வந்தான். இரவு வேலை முடித்து உறங்காமல் நேரே வந்திருந்தான். வாக்களித்துவிட்டு வெளியே வந்து, "அம்மா கேட்கச் சொன்னார்கள்" என்று மட்டும் சொன்னான்.

நவம்பர் மாதம் ஷா ஆலம் மாநாட்டில் முடிவு அறிவிக்கப்பட்டது. அஸ்மின் 71,436, ரபிசி 68,470. வேறுபாடு 2,966 வாக்குகள். நாடெங்கும் இலட்சக்கணக்கான உறுப்பினர் உள்ள கட்சியில் வாக்களித்தவர் ஏறத்தாழ 1,40,000 பேர்தாம். பிரிக்பீல்ட்ஸ் மாடியில் அன்றிரவு தேநீர் வந்தது; குடித்துவிட்டுப் பிரிந்தோம். அடுத்த வாரம் அந்த அறையை வேறொருவர் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்.

நான் அம்மையாரின் தாள்களைப் பற்றி விசாரித்தேன். சிறு தலைவர், "மேலே அனுப்பியாயிற்று" என்றார். டிசம்பரிலும் அதையே சொன்னார். சனவரியில் தொலைபேசியை எடுக்கவில்லை. நான் கொடுத்த மூன்று மாதக் கெடு முடிந்தது. லயத்தின் கடைசி வீட்டு வழியாகச் செல்லவேண்டிய இடங்களுக்கு நான் வேறு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினேன். என் பாட்டனாரைக் கண்டு தொழிலாளர் சைக்கிளை விட்டிறங்கி ஒதுங்கினர். நானோ தொழிலாளி ஒருத்தியைக் கண்டு சைக்கிளைத் திருப்பிக் கொண்டு ஓடினேன். இரண்டில் எது இழிவு என்று பல இரவுகள் எண்ணிப் பார்த்தேன்.

2019 ஏப்ரலில் துணிந்து அந்தச் சிறு தலைவரின் கடைக்கே சென்றேன். அவர் ஊரில் இல்லை. கடைப் பையன் பின்னறையைத் திறந்து காட்டினான். பழைய பதாகைகளுக்கு அடியில், சணற்கயிற்றாற் கட்டிய பதினொரு பைகள் கிடந்தன. அவற்றுள் ஒன்று, பூப்போட்ட தலையணை உறை. கட்டிய முடிச்சு அவிழ்க்கப்படவேயில்லை. "இன்னும் பத்துக் குடும்பம் பாருங்கள்" என்று அவர் சொன்னதன் பொருள் அப்பொழுது தெளிவாயிற்று. ஆனால் அவர்மேல் எனக்குச் சினம் நெடுநேரம் நிற்கவில்லை. அவர் அம்மையாரை நேரிற் கண்டதுமில்லை, வாக்குக் கொடுத்ததுமில்லை. கொடுத்தவன் நான்.

அன்றே லயத்திற்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு, "தொலையாமல் இருந்ததே, அது போதும்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

அதன் பின்னர்தான் நான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன். சட்டம் தெரிந்த ஒருவரிடம் சென்று கேட்டேன். பிரிக்பீல்ட்ஸ் மாடியில் என்னோடிருந்த அந்தப் பயிற்சி வழக்கறிஞர்ப் பெண்ணே அவர். அவர் அரசியலமைப்புச் சட்டத்தைப் புரட்டிக் காட்டினார். விடுதலை நாளாகிய 1957 ஆகஸ்ட் 31 முதல், 1962 அக்டோபர் மாதத்திற்கு முன் இந்நாட்டில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பொதுவாகப் பிறப்பினாலேயே குடிமக்கள். அம்மையார் பிறந்தது 1961. அவர்க்கு எவரும் குடியுரிமையை அருள வேண்டியதில்லை. அறுபது வயது வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அது அவருடையதே. இங்கே பிறந்தார் என்பதற்குச் சான்று மட்டுமே இல்லை.

"தோட்டத்தில் பழைய பதிவேடுகள் ஏதும் இல்லையா?" என்று அவர் கேட்டார்.

வாசகர்களே, நான் அந்தத் தோட்டத்துக் கிராணி. பழைய பதிவேடுகள் இருக்கும் அலமாரியின் சாவி என் மேசை இழுப்பறையில் இருந்தது. மறுநாட் காலை பிரட்டு முடிந்ததும் அலமாரியைத் திறந்தேன். கறையான் தின்றதுபோக எஞ்சிய செக்ரோல் புத்தகங்களுக்கிடையே தோட்ட மருத்துவமனையின் பிறப்புக் குறிப்பேடு ஒன்று இருந்தது. 1961ஆம் ஆண்டுப் பக்கத்தில், தந்தை பெயர், தாய் பெயர், லயத்தின் எண், "பெண்" என்னும் சொல். எழுத்து என் பாட்டனாருடையது. அந்த வளைந்த கையெழுத்தை நான் எங்கும் அடையாளங் காண்பேன். சைக்கிளை விட்டு இறங்கி நின்ற மக்களைப் பற்றி அவர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பிறந்த குழந்தையைத் தவறாமல் எழுதி வைத்திருந்தார். ஞாயிறுதோறும் கோலாலம்பூர்த் தலைவர்களிடம் நான் தேடியது, என் முதுகிற்குப் பின்னால் ஐந்தடித் தூரத்தில் ஐம்பத்தெட்டாண்டுகளாக இருந்திருக்கின்றது.

அதன் பின்னும் காரியம் ஒருநாளில் முடியவில்லை. பிறப்பைக் காலங்கடந்து பதிய வேண்டும், சாட்சிகள் வேண்டும். ஓய்வு பெற்ற அந்த மண்டோர் சாட்சி சொல்ல வந்தார். வண்டி தேவைப்பட்டபோது எனக்கு ஒருவன் நினைவே வந்தது. எதிரணி நண்பனை அழைத்தேன். "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டான். வழியிலே நாங்கள் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை.

இதற்கிடையே நாட்டில் நடந்தவை வாசகர் அறிந்தவையே. 2020 பிப்ரவரி 23ஆம் நாள் பெட்டாலிங் ஜெயாவிலே ஷெரட்டன் விடுதியிற் கூட்டம் நடந்தது. மறுநாள் அஸ்மின் அலி கட்சியினின்று நீக்கப்பட்டார். மகாதீர் பதவி விலகினார். மக்கள் மாற்றிய அரசு இருபத்திரண்டு மாதத்தில் விழுந்தது. 2022இல் ரபிசி ரம்லி நேரடி வாக்கில் துணைத் தலைவரானார். 2025 மே மாதம் அப்பதவிக்குப் பேராளர் மட்டுமே வாக்களிக்கும் முறையில் போட்டி நடந்தது. நூருல் இஸா அவரை வென்றார். உறுப்பினர் ஒவ்வொருவரும் நேரே வாக்களிக்கும் உரிமை என்று நான் திண்ணை திண்ணையாகச் சொன்னது அந்தத் தேர்தலில் இல்லை. இவற்றை யாரையும் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. 2,966 வாக்கு வேறுபாட்டிற்காக நண்பனின் முகத்தைப் பாராதிருந்தேனே, அந்த வெற்றி தோல்வியின் ஆயுள் எவ்வளவு என்பதைக் காட்டவே சொன்னேன்.

2021ஆம் ஆண்டின் முடிவில் அம்மையார்க்கு நீல அட்டை வந்தது. மூன்று மாதம் என்று சொன்ன வாக்கு, மூன்றாண்டுக்கு மேற் பிடித்தது. அவ்வாண்டு டிசம்பர் 15 முதல் குடிமக்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவு செய்யப்படும் முறையும் நடைமுறைக்கு வந்ததால், அவர் பெயர் வாக்காளர் பட்டியலிலும் ஏறிற்று. 2022 நவம்பர் 19ஆம் நாள், அறுபத்தோராம் வயதில், கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று அவர் முதல் வாக்கை அளித்தார். இம்முறை தாளும் பெட்டியும், விரலுக்கு மை. நான் வெளியே காத்திருந்தேன். அவர் வந்ததும், பழைய தொண்டன் புத்தி விடாமல், "யாருக்கு, அம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நீங்கள்தானே, கிராணி ஐயா, சொல்லித் தந்தீர்கள்?" என்றார்.

உட்கட்சித் தேர்தலும் வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் வாக்கும் வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. அதற்காக மறுபடியும் எவரேனும் அழைத்தால் நான் மறுபடியும் இரயிலேறுவேன். இளைஞர்களும் தயங்காமற் செல்ல வேண்டும். ஆனால் வாசற்படியில் நின்று பேசும்போது அங்கே தலைவர் இல்லை, கட்சி இல்லை. நீங்கள் ஒருவரே இருக்கின்றீர்கள் என்பதை மறவாதீர்கள். கேட்கும் வாக்கு தலைவரைச் சேரும். கொடுக்கும் வாக்கு உங்களையே சேரும். அதைக் கொடுக்கு முன், உங்கள் மேசை இழுப்பறையில் எந்த அலமாரியின் சாவி இருக்கின்றதென்று ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள்.

பின்னறையில் நான் கண்ட பைகள் பதினொன்று. கடைக்காரர் ஊர் திரும்பியதும் கேட்டு வாங்கி, எஞ்சிய பத்தையும் என் அலுவலக மேசைக்குக் கொண்டு வந்தேன். நான்கு முடிந்தன. ஆறு இருக்கின்றன.